உண்ணி உயிரணுக்களில் குடியிருந்த வைரஸ்கள்

வைரஸ் தனித்துப் பெருக இயலாதது. உயிருள்ள உயிரணு ஒன்றுக்குள் புகுந்து, அதன் உள்ளமைப்பைத் தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டால்தான் அதற்கு வாழ்வு உண்டு. ஆகவே வைரஸ்களை ஆராய முனைந்தவர்கள் முதலில் உயிரணுக்களை உடலுக்கு வெளியே, குடுவைக்குள், ஊட்டக் கரைசலில் வளர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாலூட்டிகளின் உயிரணுக்களைப் பொறுத்தவரை இந்தக் கலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கைவந்துவிட்டது. பூச்சிகளின் உயிரணுக்கள் 1960களிலும், உண்ணிகளின் உயிரணுக்கள் 1970களிலும்தான் அதற்கு முழுமையாக இணங்கின. இந்தக் கலையின் வரலாற்றை எழுதியவர்களில் பலர், ஆய்வாளர்கள் குடுவைக்குள் எந்த வைரஸை இட்டார்கள், அது எவ்வாறு பெருகியது என்பதிலேயே கவனம் செலுத்தினார்கள். யாரும் இடாமலேயே அந்தக் குடுவைகளுக்குள் இருந்த வைரஸ்களின் வரலாறு அதைவிட நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அவை எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதைப் பின்தொடரும்போது, ஆய்வுக் கருவிகள் காட்டுவதும் காட்டத் தவறுவதும் அவற்றிடம் கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன என்பது தெளிவாகிறது.

உண்ணி நோய் பரப்பும் என்பது அறிவியலில் நிலைபெற்றது 1893இல். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ஃபிரெடரிக் கில்போர்னும், மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலின் ஒட்டுண்ணியை மாட்டு உண்ணி கடத்துகிறது என்பதை மெய்ப்பித்தார்கள். உண்ணி வழியே வைரஸ் நோய்களும் பரவும் என்பது அடுத்த அரை நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. நைரோபி ஆட்டு நோய் பற்றிய மான்ட்கோமரியின் ஆய்வு 1917இல் வெளியானது. ஸ்காட்லாந்தின் செம்மறிகளைத் தள்ளாடித் துள்ளச் செய்த மூளை நோய்க்கு ஆட்டு உண்ணியே காரணம் என்பது 1930களின் தொடக்கத்தில் உறுதிப்பட்டது. 1937இல் லெவ் ஜில்பர் தலைமையில் சோவியத் நாட்டின் தூரக்கிழக்குக் காடுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழு, மரம்வெட்டிகளையும் படைவீரர்களையும் தாக்கிய மூளையழற்சியின் வைரஸைப் பிரித்தெடுத்து, அதைக் கடத்தும் உண்ணியையும் அடையாளம் கண்டது.

இந்தியாவில் இந்த வரலாறு 1957இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய பகுதிகளில் லங்கூர்களும் குல்லாக் குரங்குகளும் மடிந்தன. காட்டுக்குள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சென்றுவந்தவர்கள் கடுங்காய்ச்சலால் விழுந்தார்கள். குரங்குகளின் சாவைக் கண்டு, மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சமே முதலில் எழுந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 1952இல் பூனாவில் நிறுவியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள், அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்ல, சோவியத் மூளையழற்சி வைரஸுக்கு உறவான புதியதொரு வைரஸ் என்பதைக் கண்டார்கள். மக்கள் குரங்குக் காய்ச்சல் என்று அழைக்கும் இந்நோயின் வைரஸ், நெடுங்காலம் கன்னட நாட்டுக்குள்ளேயே அடங்கியிருந்ததாகக் கருதப்பட்டது. 2012-13 பருவத்தில் நீலகிரி மாவட்டத்தின் முதுமலையில் இறந்த குரங்குகளிலும் அது கண்டறியப்பட்டது. இந்த வைரஸைக் காட்டு உண்ணியாகிய ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா எவ்வாறு கடத்துகிறது என்பதைச் சோதனை வழி காட்டிய ஆய்வு ஒன்று 1960இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் எம். ஜி. ஆர். வர்மா. உண்ணி உயிரணு வளர்ப்பின் வரலாற்றில் பின்னர் மீண்டும் வரும் பெயர் அது.

உண்ணிகளை ஆராய்ந்தவர்கள் எல்லோரையும் வியக்கவைத்த செய்தி, வைரஸ் அவற்றின் உடலில் தங்கும் காலம். கடின ஓட்டு உண்ணிகள் முட்டையிலிருந்து லார்வா, இளம் உண்ணி, முதிர் உண்ணி என வளர்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறையே குருதி உண்டு, பின்னர் தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறுகின்றன. இரு உணவுகளுக்கு இடையே மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேல், கடந்துவிடுவதுண்டு. தோலுரிக்கும்போது உள்ளுறுப்புகள் பெரிதும் கலைந்து மீண்டும் உருவாகின்றன. அப்போதும் வைரஸ் அழிவதில்லை. பாலூட்டியின் உடலில் சில நாட்களில் உயிரணுக்களைச் சிதைத்து, நோயையோ நோய் எதிர்ப்பையோ விட்டுச்செல்லும் அதே வைரஸ், உண்ணிக்குள் எச்சேதமும் செய்யாமல் அதன் வாழ்நாள் முழுவதும் உடன் இருக்கிறது. இதையே நிலைத்த தொற்று என்கிறார்கள். இது எப்படி இயலுகிறது என்பதை முழு உண்ணியில் ஆராய்வது கடினம். உயிரணு அளவில் ஆராய வேண்டுமானால் உண்ணியின் உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்தாக வேண்டும்.

பிராட்டிஸ்லாவாவில் யோசெஃப் ரேஹாச்செக் 1950களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலும் இதற்கு வழிகாட்டினார். தோலுரிக்கவிருக்கும் இளம் உண்ணிகளின் திசுக்களைப் பிரித்து, அவ்வுயிரணுக்களைச் சில வாரங்கள் உயிரோடு வைத்து, உண்ணி மூளையழற்சி வைரஸ் அவற்றில் பெருகுவதைக் காட்டினார். ஆனால் அவை முதனிலை வளர்ப்புகள். உடலிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஓரளவு வாழ்ந்து ஓய்ந்துவிடும், ஒவ்வொரு சோதனைக்கும் புதிய உண்ணிகளைத் தேட வேண்டும். ஒரு மூலத்திலிருந்து பிறந்து, ஒரு குடுவையிலிருந்து மறு குடுவைக்கு மாற்றப்பட்டு, முடிவின்றிப் பெருகிக்கொண்டே இருக்கும் உயிரணுக் குடும்பத்தை உயிரணுத் தொடர் என்று குறிப்பிடலாம். பூச்சிகளில் முதல் தொடரை 1962இல் கான்பெராவில் தாமஸ் கிரேஸ் ஓர் அந்துப்பூச்சியிலிருந்து உருவாக்கினார். கொசுக்களில் அதைச் சாதித்தது பூனா: கே. ஆர். பி. சிங் 1967இல் ஏடிஸ் ஈஜிப்டி, ஏடிஸ் ஆல்போபிக்டஸ் ஆகிய இரு கொசுக்களின் லார்வாக்களிலிருந்து உயிரணுத் தொடர்களை நிறுவி, பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். இன்று உலகின் எந்த டெங்கு ஆய்வகத்திலும் காணப்படும் சி6/36 என்னும் கொசு உயிரணு, சிங்கின் ஆல்போபிக்டஸ் தொடரிலிருந்து 1978இல் அகிரா இகராஷி பிரித்தெடுத்த கிளையே. 

உண்ணிக்கான முதல் தொடர்கள் 1975இல் லண்டனில் பிறந்தன. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் வர்மா, பட்னி, லீக் ஆகிய மூவரும், ஆப்பிரிக்க மாடுகளின் காதுகளில் மொய்க்கும் பழுப்பு உண்ணியிலிருந்து மூன்று தொடர்களை நிறுவி, பூச்சிகளாலும் உண்ணிகளாலும் கடத்தப்படும் வைரஸ்கள் சிலவற்றை அவற்றில் வளர்த்துக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் பட்டும் யுங்கரும் டெர்மசென்டர் இனத்து உண்ணி ஒன்றிலிருந்து மற்றொரு தொடரை உருவாக்கினார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உல்ரிக்கே முண்டர்லோவும் திமொத்தி குர்ட்டியும், லைம் நோயைப் பரப்பும் ஐக்சோடிஸ் ஸ்காபுலாரிஸ் என்னும் கருங்கால் உண்ணியின் கருக்களிலிருந்து உருவாக்கி 1990களின் நடுவில் வெளியிட்ட ஐ.எஸ்.இ.6, ஐ.டி.இ.8 ஆகிய தொடர்கள் உலகெங்கும் பரவின.

இந்த வேலையின் தன்மையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னர் வந்த சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் இதில் இருக்கிறது. வயிறு நிரம்பக் குருதி உண்ட பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அம்முட்டைகளின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியில் கழுவி, கருக்கள் உரிய முதிர்ச்சி அடைந்ததும் மென்மையாக நசுக்கி, ஊட்டக் கரைசலில் இடுவார்கள். சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கன்றின் கருவிலிருந்து எடுத்த குருதிச் சீரம் ஆகியவை அக்கரைசலில் கலந்திருக்கும். குடுவையை ஏறத்தாழ 28 முதல் 34 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாலூட்டி உயிரணுக்கள் ஒரு நாளில் இருமடங்காகும். உண்ணி உயிரணுக்களுக்கு அதற்குப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் தேவைப்படும். குடுவையிலிருந்து குடுவைக்கு முதன்முறை மாற்றும் அளவுக்கு உயிரணுக்கள் பெருக மாதங்களோ, ஆண்டுகளோ ஆகலாம். முட்டையின் வெளிப்புறத்தைக் கழுவலாம். தாய் உண்ணியின் சூலகத்தின் வழியே முட்டைக்குள் இறங்கிய வைரஸையும் பாக்டீரியாவையும் கழுவ வழியில்லை. உண்ணிக்குத் தீங்கு செய்யாத வைரஸ், அதன் உயிரணுவுக்கும் தீங்கு செய்வதில்லை. ஆகவே நுண்ணோக்கியின் கீழ் உயிரணுக்கள் உருண்டு திரண்டு, ஒளிபொருந்தி, முழு நலத்தோடு காட்சியளிக்கும். அந்த நலம் அவற்றின் தூய்மைக்குச் சான்றாகாது.

கொசு உயிரணுக்களை வளர்த்தவர்கள் இதற்கான எச்சரிக்கையை முன்னமே பெற்றிருந்தார்கள். கொசுவிலிருந்து பெறப்பட்டதாக வழங்கிவந்த கிரேஸின் தொடர் ஒன்று உண்மையில் அவருடைய அந்துப்பூச்சியின் உயிரணுக்களே என்பது 1970களின் தொடக்கத்தில் தெரியவந்தது. சிங்கின் ஆல்போபிக்டஸ் உயிரணுக்களின் படிகள் ஆய்வகம் ஆய்வகமாகக் கைமாறியபோது, அவற்றுள் சிலவற்றில் வைரஸ்கள் குடியேறியிருந்ததும் 1970களின் நடுவில் அறிவிக்கப்பட்டது. இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது 1975இல் ஸ்டோலரும் தாமஸும் கண்டது. ஏடிஸ் ஈஜிப்டி உயிரணுக்கள் வளர்ந்த கரைசலை ஆல்போபிக்டஸ் உயிரணுக்களின் மேல் ஊற்றியபோது, அவை ஒன்றோடொன்று இணைந்து பெரும் கூட்டு உயிரணுக்களாக மாறின. முதல் தொடருக்குள் சத்தமின்றி வாழ்ந்த வைரஸ், அயல் தொடரில் நுழைந்தபோதுதான் தன்னை வெளிக்காட்டியது. உயிரணு இணைப்பு வைரஸ் என்று பெயர் பெற்ற அதன் மரபணுத் தொகுதி 1992இல் படிக்கப்பட்டபோது, அது டெங்குவும் மஞ்சள் காய்ச்சலும் அடங்கிய ஃபிளாவிவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது புலனாயிற்று. ஆய்வகத்தில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்த வைரஸின் புதிய திரிபு ஒன்று, போர்ட்டோ ரிக்கோவின் இயற்கைக் கொசுக்களில் கண்டறியப்பட்டதாக 2006இல் செய்தி வந்தது. முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தின் மாசு என்று ஒதுக்கத்தக்கதாயிருந்த ஒன்று, கொசுவின் இயற்கை வாழ்வுக்கு உரியதாக மாறியது.

உண்ணி உயிரணுக்களில் இதற்கு இணையான திருப்பம் 2001இல் நேர்ந்தது. பிரான்ஸின் மார்செய் நகரத்தைச் சேர்ந்த ஹூசாம் அத்தூயியும் அவர் குழுவினரும், ஐக்சோடிஸ் ஸ்காபுலாரிஸ் உயிரணுக்களில் இருந்த வைரஸ் ஒன்றின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே ஓடும் செயின்ட் குரோய் ஆற்றின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் மரபுப்பொருள், இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் ஆன பத்துத் துண்டுகளாக இருந்தது. தமிழகத்தின் ஆட்டு வளர்ப்போர் நன்கறிந்த நீலநாக்கு நோயின் வைரஸ் அடங்கிய ஆர்பிவைரஸ் இனத்தில் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன் வரிசை, அதுவரை அறியப்பட்டிருந்த ஆர்பிவைரஸ்கள் எல்லாவற்றிலிருந்தும் வெகுதொலைவு விலகி நின்றது. அது நோயை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் உண்ணியின் சுமை அல்ல, உண்ணிக்கே உரிய வைரஸ் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. ஐ.டி.இ.8 போன்ற தொடர்களில் அது ஆண்டுக்கணக்கில் இருந்துவந்தது. அத்தொடர்களில் பிற நுண்ணுயிரிகளை வளர்த்து அளந்தவர்கள், தாம் இட்டதன் விளைவை மட்டுமே அளந்ததாகக் கருதியிருக்கக்கூடும்.

உண்ணி உயிரணுத் தொடர்களை ஒரே இடத்தில் காத்து, கேட்பவர்க்கு வழங்கும் உண்ணி உயிரணு வங்கி, லெஸ்லி பெல்-சாக்கியின் முயற்சியால் 2009இல் எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தில் தொடங்கியது. பின்னர் பிர்பிரைட்டுக்கும், அதன்பின் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்கும் இடம்பெயர்ந்தது. அங்கிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடர்களை முறையாகச் சோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதில் பயன்பட்ட முறை பி.சி.ஆர்.: தேடப்படும் வைரஸின் வரிசைக்குப் பொருந்தும் சிறு மரபுத் துணுக்குகளை, அதாவது பிரைமர்களை, இட்டால், அந்த வரிசை இருக்கும் இடத்தில் மட்டும் அது கோடிக்கணக்கில் படியெடுக்கப்படும். ஃபிளாவிவைரஸ்களைத் தேடிய பிரைமர்கள் எந்தத் தொடரிலும் எதையும் காட்டவில்லை. நைரோவைரஸ்களைத் தேடியவை பல தொடர்களில் ஐயத்துக்குரிய விடைகளைத் தந்தன. மனிதரைக் கொல்லும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் வைரஸ் அக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், உலகெங்கும் அனுப்பப்படும் குடுவைகளில் அது இருக்குமோ என்பது மிகக் கடுமையான கேள்வியாக இருந்தது. அதற்கே உரிய பிரைமர்கள் அது இல்லை என்று உறுதிசெய்தன. இனி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது பல தொடர்களில், ஆர்பிவைரஸ்கள் அடங்கிய ரியோவைரஸ் குடும்பத்தின் வடிவத்தில் துகள்கள் தென்பட்டன. ஆனால் அவற்றுள் நான்கு தொடர்கள் மட்டுமே செயின்ட் குரோய் ஆற்று வைரஸுக்கான பிரைமருக்கு விடையளித்தன. மற்றவற்றில் கண்ணுக்குத் தெரிந்த துகள்கள் எந்த வைரஸைச் சேர்ந்தவை? ஏற்கெனவே தெரிந்த வரிசையை மட்டுமே தேடக்கூடிய பி.சி.ஆர். முறைக்கு இக்கேள்வியை எதிர்கொள்ளும் வலு இல்லை. இந்த வரலாற்றில் மிக நேர்மையான பக்கம் இதுவே எனலாம்: தம் முறையின் எல்லையை ஆய்வாளர்கள் தம் முடிவுகளாலேயே எடுத்துக்காட்டினார்கள்.

அந்த எல்லையைக் கடக்க உதவியது, 2005க்குப் பின் பரவிய பெருந்திரள் மரபணு வரிசைப்படுத்தல். இதில் முன்கூட்டிய தேர்வு தேவையில்லை. உயிரணுக்களின் ஆர்.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுத்து, அதில் பெரும்பங்கு வகிக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை இயன்றவரை நீக்கி, எஞ்சியதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, கோடிக்கணக்கான சிறு துண்டுகளின் வரிசையைப் படிப்பார்கள். உண்ணிக்கு உரியவற்றைக் கழித்தபின், மிஞ்சிய துண்டுகளை ஓரங்கள் பொருந்துமாறு கோத்து நீண்ட வரிசைகளாக்கி, அவற்றில் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் இன்றியமையாத படியெடுப்பு நொதியின் சாயலைத் தேடுவார்கள். வரிசையின் எழுத்துகள் பெரிதும் மாறிப்போன தொலைதூர உறவுகளையும் இந்த நொதியின் அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். சீனாவில் பிடிக்கப்பட்ட உண்ணிகளில் 2014இல் அறிவிக்கப்பட்ட ஜிங்மென் உண்ணி வைரஸும், 2015இல் எழுபது கணுக்காலி இனங்களிலிருந்து ஒரே ஆய்வில் வெளிவந்த 112 புதிய வைரஸ்களும் இம்முறையின் வீச்சைக் காட்டின. பல ஆய்வகங்கள் நம்பியிருந்த ஐ.எஸ்.இ.6 தொடரிலும் ஆர்.என்.ஏ. வைரஸ்களுடையதாகக் கருதத்தக்க வரிசைகள் இருப்பது 2017இல் வெளியிடப்பட்டது.

ஆனால் வரிசை கிடைத்ததாலேயே வைரஸ் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. உண்ணியின் மரபணுத் தொகுதி இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைக் கொண்டது, அதில் மிகப்பெரும் பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, பண்டைய வைரஸ்களின் துணுக்குகள் பல விலங்குகளின் டி.என்.ஏ.விலேயே பதிந்து தலைமுறைகளாகக் கடத்தப்படுகின்றன என்றும், கருங்கால் உண்ணியும் அவற்றுள் ஒன்று என்றும் காட்டியது. உயிரற்ற அத்தகைய எச்சமும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படலாம், அப்போது வரிசைப்படுத்தல் கருவி அதையும் வைரஸ் போலவே காட்டும். இன்னொரு தொல்லை ஊட்டக் கரைசலிலிருந்து வருகிறது: கன்றின் சீரத்தில் மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸின் தடயம் இருப்பது அரிதன்று. ஆகவே நேர்மையான ஆய்வாளர் பல சான்றுகளை ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது. வைரஸின் வரிசை முனையிலிருந்து முனை வரை இடையறாது கிடைக்கிறதா, உயிரணுவின் டி.என்.ஏ.வில் அதே வரிசை இல்லாதிருக்கிறதா, பெருகும்போது மட்டும் தோன்றும் எதிரிழை இருக்கிறதா, புதிய உயிரணுக்களுக்கு அது தொற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

இச்சான்றுகளுள் மிக அழகியது உண்ணியே எழுதிவைப்பது. வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் உயிரணு அதைச் சீராக வெட்டிச் சிறு துணுக்குகளாக்கி, அத்துணுக்குகளைக் கொண்டே மேலும் வரும் வைரஸ் படிகளை அடையாளம் கண்டு அழிக்கிறது; ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்பது இதன் பெயர். கொசுவில் இத்துணுக்குகள் பெரும்பாலும் 21 எழுத்து நீளம். உண்ணி உயிரணுக்களில் 22 எழுத்து என்று 2014இல் எஸ்தர் ஷ்னெட்லர் முதலானோரின் ஆய்வு காட்டியது. எனவே ஒரு தொடரின் சிறு ஆர்.என்.ஏ.க்களைப் படித்து, 22 எழுத்துத் துணுக்குகள் ஒரு வைரஸின் இரு இழைகளிலிருந்தும் பரவலாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டால், அந்த வைரஸ் அங்கே உயிரோடு பெருகுகிறது, உண்ணி அதை எதிர்க்கவும் செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முற்றிலும் ஒழிக்காமல் ஓர் அளவுக்குள் நிறுத்திவைக்கும் இந்த எதிர்ப்பில்தான் நிலைத்த தொற்றின் விளக்கத்தில் பெரும்பங்கு அடங்கியிருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளிருக்கும் வைரஸ் புதிதாக நுழையும் வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா என்பது இப்போது எழுந்துள்ள முதன்மைக் கேள்வி. குடியிருக்கும் வைரஸின் அளவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டைக் கொண்டே குறைத்து, குறைத்த உயிரணுவையும் குறைக்காததையும் ஒப்பிடும் முயற்சிகள் நடந்துள்ளன. முற்றிலும் நீக்குவது கடினம். நீக்கிவிட்டால் கிடைப்பது இயற்கை உண்ணியின் உயிரணுவை ஒத்ததாக இருக்குமா என்ற ஐயமும் நியாயமானது. இவ்வைரஸ்களை மாசு என்று அழைத்து வருந்துவதைவிட, ஒவ்வொரு தொடரும் எந்த உண்ணியிலிருந்து, எந்த நிலத்திலிருந்து வந்தது, அதனுள் எவை வாழ்கின்றன என்பதை வரிசையோடு பதிவுசெய்து வழங்குவதே சரியான வழி. உயிரணு வங்கி மலேசியாவிலும் கென்யாவிலும் பிரேசிலிலும் கிளைகள் அமைத்து, வெப்பமண்டல உண்ணிகளின் உயிரணு வளர்ப்பை அந்நாட்டு ஆய்வாளர்களிடமே ஒப்படைத்துவருகிறது. குருதி உண்ட உண்ணி முட்டையிடுவதற்கும், அம்முட்டையின் உயிரணுக்கள் முதல் குடுவையிலிருந்து இரண்டாவதற்கு மாற்றப்படுவதற்கும் இடைப்பட்ட மாதங்களில், வாரந்தோறும் கரைசலை மாற்றும் கைகளின் வேலையை எந்த வரிசைப்படுத்தல் கருவியும் இன்னும் சுருக்கிவிடவில்லை.